வழிகாட்டியோடு ஆஃப் பீஸ்ட் ஸ்கீயிங்: கிளம்புவதற்கு முன்

ஸ்கீ (பனிச்சறுக்கு) மையம் ஒன்றின் வரைபடத்தை விரித்தால் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கோடுகள் மலையிலிருந்து இறங்கி வரும். நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். அந்தக் கோடுகள்தான் பீஸ்ட். இரவில் எந்திரங்களை ஓட்டிப் பனியை அழுத்திச் சீராக்கி, ஓரத்தில் கம்பு நட்டு, மேலே தொங்கும் பனி பெயர்ந்து வருமா என்று பார்த்துவிட்டுக் காலையில் திறந்துவிடுவார்கள். கம்பைத் தாண்டினால் ஆஃப் பீஸ்ட். அங்கே பனி விழுந்த மேனிக்குக் கிடக்கும். முழங்கால் ஆழத்துக்குப் பொடியாக இருக்கலாம், காற்றடித்து இறுகிய ஓடாக இருக்கலாம், அடியில் பாறையோ ஓடையோ ஒளிந்திருக்கலாம். யாரும் அதைச் சோதித்துவைக்கவில்லை என்பதே முதலில் மனதில் பதிய வேண்டிய செய்தி.

இதில் ஒரு நாட்டு வேறுபாடு இருக்கிறது. தெரியாமல் போனால் ஆபத்து. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஸ்கீ மையத்துக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்த எல்லைக்குள் திறந்துவைத்திருக்கும் பகுதியெல்லாம், எந்திரம் ஓடாத இடம் உட்பட, பனிச்சரிவு அபாயத்துக்காகக் கவனிக்கப்படுகிறது. வெடி வைத்துப் பனியைத் தள்ளிவிட்ட பிறகே திறப்பார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் கதையே வேறு. அங்கே குறியிட்ட பாதைக்கு மட்டும்தான் பொறுப்பு. கம்பிலிருந்து பத்தடி தள்ளிப் போனாலும், மேலே லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தாலும், நீங்கள் காட்டு மலையில் இருப்பதாகத்தான் கணக்கு. வட அமெரிக்காவில் பழகியவர் அதே நினைப்போடு ஆல்ப்ஸில் கயிற்றைத் தாண்டுவது அடிக்கடி நடக்கும் கோளாறு.

வழிகாட்டி இங்கேதான் வருகிறார். நல்ல பனி எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும், சரிதான். ஆனால் அவரிடம் நாம் முக்கியமாக வாங்குவது முடிவுகளை. நேற்று இரவு காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, எந்தச் சாய்வு இன்று தாங்கும், எது மதியத்துக்குள் கெட்டுவிடும், இந்தக் குழுவில் யார் எவ்வளவு தூரம் வருவார் என்பதையெல்லாம் பார்த்து அவர் நிமிடத்துக்கொரு முடிவு எடுத்துக்கொண்டே இருப்பார். நம் தயாரிப்பு எல்லாம் அவருக்குக் கையில் கொஞ்சம் இடம் கொடுப்பதற்காக. கால் வலுவில்லாத, கருவியைத் தொட்டே பார்க்காத ஆளைக் கூட்டிக்கொண்டு போனால் எவ்வளவு கெட்டிக்கார வழிகாட்டிக்கும் மலையில் பாதி கதவு அடைபட்டுவிடும்.

யாரை அமர்த்துவது

மலை வழிகாட்டிகளுக்கு உலக அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1965-இல் ஆல்ப்ஸ் நாடுகளின் சங்கங்கள் சேர்ந்து தொடங்கியது. ஐஎஃப்எம்ஜிஏ என்றும் யுஐஏஜிஎம் என்றும் ஐவிபிவி என்றும் மூன்று மொழிச் சுருக்கங்களில் அதன் பெயரைப் பார்க்கலாம், மூன்றும் ஒன்றுதான். பாறையேற்றம், பனியேற்றம், ஸ்கீ மூன்றிலும் பல வருடப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்களுக்குத்தான் அந்த அடையாளச் சின்னம் கிடைக்கும். முன்பதிவு செய்யும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். உண்மையான வழிகாட்டிக்கு அது தினமும் கேட்கிற கேள்வி.

ஸ்கீ ஆசிரியரும் மலை வழிகாட்டியும் ஒருவரல்லர். பிரான்ஸில் முழுத் தகுதி பெற்ற ஸ்கீ ஆசிரியர் உங்களை ஆஃப் பீஸ்டுக்குக் கூட்டிப் போகலாம். ஆனால் பனியாற்றின் மீதும், கயிறும் மலையேற்ற உத்தியும் தேவைப்படும் இடத்திலும் மலை வழிகாட்டிதான் வர வேண்டும். மையத்துக்குப் பக்கத்திலேயே பொடிப்பனியில் திருப்பங்கள் பழக வேண்டும் என்றால் ஆசிரியரே போதும், சொல்லப்போனால் அவரே மேல். பெரிய மலைக்குள் போவதென்றால் வழிகாட்டி.

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். ஆறு பேருக்குள் இருப்பது நல்லது. செங்குத்தான இடத்துக்கு இன்னும் குறைவாக வைப்பார்கள். குழுவில் மற்றவர்கள் எப்படி ஸ்கீ செய்பவர்கள் என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் முழுக் குழுவும் அதில் பலவீனமான ஆளின் வேகத்தில்தான் நகரும். நீங்கள் அந்த ஆளாக இருந்தாலும் கஷ்டம், இல்லாவிட்டாலும் கஷ்டம். முடிந்தால் ஒரே தரத்தில் இருக்கும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தனிக்குழுவாகப் போவதே நிம்மதி.

வழிகாட்டிக்கு முதலில் அனுப்பும் செய்தியில் “இன்ன மலையில் இன்ன வழியில் இறங்க வேண்டும்” என்று கட்டிப்போடாதீர்கள். தேதிகள், குழுவின் திறமை, உடல்நிலை, என்ன மாதிரி அனுபவம் வேண்டும் என்பதை எழுதுங்கள். எந்தச் சாய்வில் இறங்குவது என்பதை முந்தின நாள் மாலைக்கும் அன்று காலைக்கும் நடுவில்தான் சொல்ல முடியும். மூன்று மாதம் முன்பே வழியைத் தீர்மானித்துவிட்டு வருகிறவர்கள், பனி ஒத்துழைக்காத அன்றும் அதையே பிடித்துத் தொங்குவார்கள்.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்

முன்பதிவுப் படிவத்தில் எல்லோரும் தங்களை ஒரு படி உயர்த்தித்தான் எழுதுகிறார்கள். வழிகாட்டிகளுக்கும் இது தெரியும். அதனால்தான் முதல் நாள் காலை முதல் இறக்கத்தைச் சும்மா ஒரு சாதாரண பீஸ்டில் வைத்து, பின்னாலிருந்து நீங்கள் திரும்புவதைப் பார்ப்பார்கள்.

நேர்மையான அளவுகோல் இது. சிவப்புப் பாதையில் எந்தப் பனியிலும், மாலையில் குமிழ் குமிழாகக் கிளறிவிட்ட பனியிலும்கூட, இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் தடுமாறாமல் இறங்க முடிய வேண்டும். கறுப்புப் பாதையில் அழகாக இல்லாவிட்டாலும் பயமில்லாமல் இறங்க வேண்டும். பக்கவாட்டில் சறுக்கி இறங்குவது, நின்ற இடத்திலேயே ஒரு காலைத் தூக்கித் திருப்பி வைக்கும் கிக் டர்ன், இந்த இரண்டும் கைவசம் இருக்க வேண்டும். குறுகலான இடத்தில் மாட்டிக்கொண்டால் காப்பாற்றுவது இவைதான், ஆனால் யாரும் ஆசைப்பட்டுப் பழகுவதில்லை.

ஆழ்பனியில் உத்தி கொஞ்சம் மாறும். பீஸ்டில் வெளிக் காலில் எடையைப் போட்டுத் திரும்பிப் பழகியிருப்போம். பொடியில் அப்படிச் செய்தால் அந்த ஒரு ஸ்கீ மட்டும் மூழ்கி, மற்றொன்று மேலே மிதந்து, கால்கள் விலகும். அதனால் எடையை இரண்டு காலுக்கும் கிட்டத்தட்டச் சமமாகப் பகிர்ந்து, கால்களைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்து, ஒரே தாளத்தில் மேலும் கீழும் எழும்பி இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் ஸ்கீ முனை மேலே வரும் என்று பலர் சொல்வார்கள். அது பத்துத் திருப்பத்துக்குள் தொடையைத் தீய்த்துவிடும். நடுவில் நில்லுங்கள், கொஞ்சம் வேகம் விடுங்கள். வேகம்தான் ஸ்கீயை மிதக்க வைக்கிறது.

விழுந்தால் எழுவதும் ஒரு வித்தைதான். ஆழ்பனியில் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும், அடியில் பிடிமானமே கிடைக்காது. முதலில் இரண்டு ஸ்கீயையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கமாக, சாய்வுக்குக் குறுக்காகக் கொண்டுவாருங்கள். கையிலுள்ள இரண்டு ஸ்கீ கம்புகளையும் பெருக்கல் குறிபோலக் குறுக்கே பனிமேல் படுக்கவைத்து, அவை சந்திக்கும் இடத்தை அழுத்தி எழுந்திருங்கள். ஸ்கீ கழன்று காணாமல் போய்விட்டால் பெரும்பாலும் கீழே தேடுவோம். ஆனால் அது கழன்ற இடத்தில், நீங்கள் கிடக்கும் இடத்துக்கு மேலேதான் பனிக்குள் புதைந்திருக்கும். கம்பால் குறுக்காகக் கோடு கிழித்துக்கொண்டே போனால் தட்டுப்படும்.

உடலைப் பொறுத்தவரை ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகத் தொடங்குவது நியாயமான கணக்கு. ஸ்குவாட், லஞ்ச், படிகளில் மெதுவாக இறங்குவது என்று தொடைத்தசை நீண்டபடியே எடை தாங்கும் பயிற்சிகள்தான் ஸ்கீக்கு நேரடியாக உதவும். கூடவே ஒரு மணி நேரம் மூச்சு வாங்காமல் ஏறும் அளவுக்கு நடை. நாள் முடிவில் களைத்த காலோடு இறங்கும் கடைசி இறக்கத்தில்தான் முழங்கால்கள் போகின்றன.

எப்போது, எங்கே

வட அரைக்கோளத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்ந்த பொடிப்பனியின் காலம். பகல் குறுகியது, வெளிச்சம் மங்கலானது, பனியடுக்கு இன்னும் அமைதியாகாதது. மார்ச், ஏப்ரலில் பனியாறுகளில் பிளவுகளின் மேல் பனிப்பாலங்கள் கனமாகியிருக்கும், உயரமான வழிகள் திறக்கும். இரவில் உறைந்து காலையில் மேற்பரப்பு மட்டும் இளகும் வசந்தகாலப் பனி ஒரு தனிச் சுகம். ஆனால் அது சில மணி நேர விருந்துதான். வெயில் ஏற ஏறப் பனி ஈரமாகிச் சரியத் தொடங்கும், அதனால் இருட்டிலேயே கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுவார்கள். விடுமுறைக்கு வந்துவிட்டு அதிகாலையில் எழுப்புகிறார்களே என்று முனகாதவர்களுக்கு ஏற்ற காலம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செங்குத்து ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. பிரான்ஸின் ஷாமோனியில் உள்ள வாலே பிளான்ஷ் இதற்கு நல்ல உதாரணம். 3,842 மீட்டர் உயரமுள்ள எகுயி து மிதி உச்சிக்குச் சற்றுக் கீழே, 3,777 மீட்டரில், கேபிள் காரிலிருந்து இறங்கி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பனியாற்றின் வழியே சறுக்கி வரும் பாதை. சாதாரண வழியில் சாய்வு அப்படியொன்றும் பயங்கரமில்லை, நல்ல சிவப்புப் பாதை ஸ்கீயர் சமாளித்துவிடுவார். ஆனால் தொடக்கத்திலேயே ஸ்கீயைக் கையிலோ பையிலோ சுமந்துகொண்டு, இரண்டு பக்கமும் சரிந்த ஒரு பனிக்கூரில் கயிறு கட்டி நடந்து இறங்க வேண்டும். கேபிள் கார் 1,035 மீட்டரில் உள்ள ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அங்கே கொண்டுவந்து விட்டிருக்கும், உடம்பு உயரத்துக்கு இன்னும் பழகியிருக்காது. பிறகு வழி முழுக்கப் பிளவுகள். இங்கே தேவைப்படுவது சறுக்கும் திறமையைவிட, வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகாத ஒழுக்கம். இதற்கு நேர்மாறு பிரான்ஸிலேயே உள்ள லா கிராவ். 3,200 மீட்டர் வரை ஒரு கேபிள் கார், கீழே சீராக்கிய பாதை என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றுமே இல்லை. அங்கே முதல் ஆஃப் பீஸ்ட் பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: பெரிய பெயருள்ள வழி ஒன்றுக்காக ஒரே ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளாமல், ஒரே மையத்தில் நாலைந்து நாள் ஒரே வழிகாட்டியோடு இருங்கள். ஒரு நாள் புயலில் போனாலும் மற்ற நாட்கள் மிஞ்சும். இரண்டாம் நாளுக்குள் அவர் உங்களைப் படித்துவிடுவார், மூன்றாம் நாளிலிருந்துதான் நல்ல இடங்களுக்கே கூட்டிப்போவார்.

பனிச்சரிவு: இவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்

வழிகாட்டி இருக்கிறாரே, எனக்கெதற்கு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. அவர் “இங்கே ஒவ்வொருவராக” என்று சொல்லும்போது ஏன் என்று புரிந்திருந்தால்தான் சரியாகக் கேட்போம்.

ஸ்கீயர்களைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. பல நாட்களாக அடுக்கடுக்காக விழுந்த பனியில், உள்ளே எங்கோ ஓர் அடுக்கு சர்க்கரைபோல உதிரியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். அதன் மேல் காற்று கொண்டுவந்து குவித்த பனி இறுகிப் பலகையாகியிருக்கும். ஒரு ஸ்கீயரின் எடை பட்டதும் அந்த உதிரி அடுக்கு நொறுங்கி, நொறுங்கல் பக்கவாட்டில் ஓடி, மேலே உள்ள பலகை முழுவதும் ஒரே நொடியில் பிய்த்துக்கொண்டு புறப்படும். இப்படி மாட்டிக்கொள்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களோ அவர்கள் குழுவில் ஒருவரோதான். இது அநேகமாக 30 முதல் 45 டிகிரிச் சாய்வில் நடக்கிறது. சங்கடம் என்னவென்றால் நல்ல ஸ்கீயர்கள் ஆசையோடு தேடும் சாய்வும் அதேதான்.

ஐரோப்பாவில் 1993 முதல் ஐந்து படி அபாய அளவுகோல் ஒன்று பொதுவாக இருக்கிறது. 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றால் ஏதோ நடுவாந்தரம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுவோம். படிகள் சம உயரத்தில் இல்லை, ஒவ்வொரு படிக்கும் அபாயம் மடங்காகப் பெருகும். ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 3 என்று அறிவித்த நாட்களில்தான் இறக்கிறார்கள். 4, 5 நாட்களில் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 அன்று வானம் நீலமாக, பனி புதிதாக, மனசு குறுகுறுவென்று இருக்கும்.

ஒவ்வொரு மலைப்பகுதிக்கும் குளிர்காலத்தில் நாள்தோறும் பனிச்சரிவு அறிக்கை வரும். டாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் ஆய்வு நிறுவனம் ஸ்விட்சர்லாந்து முழுமைக்கும் மாலை ஐந்து மணிக்கு மறுநாளுக்கான அறிக்கையை வெளியிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சாய்வுகளில், என்ன மாதிரிச் சிக்கல் (புதுப்பனியா, காற்றுப்பனியா, ஆழத்தில் கிடக்கும் பழைய உதிரி அடுக்கா, ஈரப்பனியா, தரையோடு வழுக்கும் பனியா) என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் படித்தால், போய்ச் சேரும்போது வழிகாட்டி பேசுவது பாதி புரியும்.

முதுகில் என்ன இருக்க வேண்டும்

டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ சமிக்ஞை அனுப்பவும் பிடிக்கவும் செய்யும் சிறு கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட மடக்குக் கம்பி), ஷவல் (பனி தோண்டும் மண்வெட்டி). மூன்றும் ஒவ்வொருவரிடமும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் அநேகமாக வீண். வழிகாட்டியிடம் வாடகைக்குக் கிடைக்கும், பலர் கட்டணத்திலேயே சேர்த்துக் கொடுப்பார்கள்.

டிரான்ஸீவர் எல்லா நிறுவனங்களுடையதும் ஒரே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்யும். நாள் முழுக்க அனுப்பும் நிலையில் உடம்போடு கட்டியிருக்க வேண்டும், வெளிச்சட்டைக்கு உள்ளே. யாராவது புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றிக்கொள்வார்கள். கைபேசி அருகில் இருந்தால் சமிக்ஞை கெடும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. சூடேற்றும் கையுறை, நடவடிக்கைகளைப் படமெடுக்கும் கேமரா இவற்றுக்கும் அதே கதைதான்.

வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் பழகிப் பார்க்காவிட்டால் பயன் இல்லை. தேடல் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். சரிந்த பனிமேல் ஓடி முதல் சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் திரையில் அம்புக்குறியும் ஓர் எண்ணும் வரும். எண் குறையும் திசையில் போகப்போக, மூன்று மீட்டருக்குள் வந்தவுடன் குனிந்து கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, மெதுவாக நேர்க்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு குறுக்காக நகர்த்தி, மிகச் சிறிய எண் காட்டும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் பதற்றத்தில் கை அலையும், எண் குதிக்கும். அந்தப் புள்ளியில் புரோப்பைச் சாய்வுக்குச் செங்கோணமாகக் குத்தி, தட்டுப்படாவிட்டால் 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருளாகக் குத்திக்கொண்டே வெளியே வர வேண்டும். மெத்தென்று ஏதோ பட்டால் புரோப்பைப் பிடுங்காமல் அப்படியே விட்டு, அதற்குக் கீழ்ப்பக்கச் சாய்விலிருந்து நேராக உள்நோக்கித் தோண்ட வேண்டும். நேரம் பெரும்பகுதி போவது தோண்டுவதில்தான். சரிந்து நின்ற பனி சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், அதனால் ஷவல் உலோகத்தில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உடைந்துவிடும்.

ஏன் இவ்வளவு அவசரம்? 1994-இல் வெளிவந்த ஆய்வு, முழுதும் புதைந்தவர்கள் முதல் 18 நிமிடம் வரை பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார்கள், அதன் பிறகு பிழைக்கும் வாய்ப்பு செங்குத்தாக விழுகிறது என்று காட்டியது. 2024-இல் ஸ்விட்சர்லாந்தின் பதிவுகளை வைத்து மறுபடி கணக்கிட்டபோது அந்த அவகாசம் 10 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. ஹெலிகாப்டர் அதற்குள் வராது. புதைந்தவரைக் காப்பாற்றப் போவது பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான். புதைந்தது வழிகாட்டியாகவே இருந்தால்? முன்னால் போகிறவர் அவர்தானே. கருவியை அவரிடமே விட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியை யோசித்துப் பார்த்தால் போதும்.

ஏர்பேக் பை கட்டாயமில்லை, ஆனால் உதவும். சரிவில் சிக்கியதும் கைப்பிடியை இழுத்தால் பலூன் விரிந்து, நகரும் பனியில் ஆளை மேற்பரப்பிலேயே வைத்திருக்கப் பார்க்கும். 2014-இல் வந்த ஆய்வின்படி, கடுமையான சரிவில் சிக்கியவர்களின் இறப்பு விகிதத்தை விரிந்த பலூன் 22 சதவீதத்திலிருந்து 11-ஆகக் குறைத்தது. அதே ஆய்வில் ஐந்தில் ஒரு பலூன் விரியவே இல்லை, அதற்கு முக்கியக் காரணம் ஆள் கைப்பிடியை இழுக்காதது. எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் இழுத்துப் பழகுங்கள். விமானத்தில் கொண்டுபோக வேண்டுமானால் அழுத்தவாயு உருளைக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், விமான நிலையத்தில் போய் விளக்கம் சொல்லி ஜெயிக்க முடியாது.

ஸ்கீயை வாடகைக்கு எடுங்கள், பூட்ஸைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். இது பழைய அறிவுரை, இன்னும் சரியானது. பொடிப்பனிக்கு நடுப்பகுதி (ஸ்கீயின் இடுப்பு என்பார்கள்) 95 முதல் 110 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்கீ வசதி. பொருந்தாத பூட்ஸ் இரண்டாம் நாளே பயணத்தை முடித்துவைத்துவிடும். பயணத்தில் மேலே ஏறும் பகுதியும் இருந்தால், பூட்ஸை ஸ்கீயோடு பிணைத்தாலும் குதிகால் விடுபடும் டூரிங் பைண்டிங்கும், பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீக்கு அடியில் ஒட்டும் ஸ்கின்னும் வேண்டும். அதை வழிகாட்டி முன்பே சொல்லிவிடுவார். பனியாறு என்றால் இடுப்பில் ஹார்னெஸ், அதாவது கயிறு மாட்டும் பட்டை. ஸ்கீ போட்ட பிறகு பிளவின் ஓரத்தில் நின்றுகொண்டு மாட்ட முடியாது, காலையிலேயே மாட்டிவிட வேண்டும்.

உடைபற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருத்தி வேண்டாம், மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள், ஒரு கதகதப்பான மேலாடையும் ஒரு ஜோடி உபரிக் கையுறையும் பையில் இருக்கட்டும். மங்கிய வெளிச்சத்துக்கான காகிள்ஸ் கண்ணாடி தனியாக வேண்டும், இல்லாவிட்டால் மேகமூட்டத்தில் மேடு பள்ளம் எதுவுமே தெரியாது. வெயிலை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்குக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவ வேண்டியிருக்கிறது.

மலையில் நடந்துகொள்வது

காலையில் லிஃப்ட் அருகே வழிகாட்டி சற்றுத் தள்ளிப்போய்த் தன் கருவியைச் சோதனை நிலைக்கு மாற்றிக்கொண்டு நிற்பார். இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். ஒவ்வொருவருடைய சமிக்ஞையும் வருகிறதா என்று கேட்டுத் தலையாட்டுவார். யாருடையதாவது அணைந்திருந்தால், பேட்டரி குறைந்திருந்தால், அங்கேயே தெரிந்துவிடும். பேட்டரி அந்தக் கருவியின் கையேடு சொல்லும் வகையாக இருக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு ஆல்கலைன்தான், ரீசார்ஜ் செய்யும் வகை மீதமுள்ள அளவைத் தவறாகக் காட்டிவிடும்.

ஸ்கீ கம்பின் கைப்பட்டையை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். பனிச்சரிவில் கம்பு நங்கூரம்போல ஆளைக் கீழே இழுக்கும், மரக்கிளையில் மாட்டினால் தோளைத் திருகும்.

வழிகாட்டியின் சொற்கள் சுருக்கமாக இருக்கும், அர்த்தம் துல்லியமாக இருக்கும். “என் தடத்துக்கு இடப்பக்கம்” என்றால் வலப்பக்கத்தில் பிளவோ காற்றுப்பலகையோ இருக்கிறது. “ஒவ்வொருவராக” என்றால் முன்னவர் நின்று கைகாட்டும்வரை அடுத்தவர் அசையக் கூடாது. நிற்கும்போது எப்போதும் அவருக்கு மேலேயோ பக்கத்திலோ, ஒருபோதும் அவருக்குக் கீழே அல்ல. இந்தக் கடைசி விதியை மீறுகிறவர்கள்தான் வழிகாட்டிகளை உண்மையிலேயே கோபப்படுத்துவார்கள். நல்ல ஓட்டத்தில் இருக்கும்போது இன்னும் நாலு திருப்பம் போட்டுவிட்டு நிற்கலாமே என்று தோன்றும். அந்த நாலாவது திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. மரங்களுக்கு நடுவே போகும்போது ஜோடியாகப் போய் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருங்கள். ஊசியிலை மரங்களின் அடியைச் சுற்றிப் பனி இறுகாமல் குழியாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தானாக வெளிவருவது மிகக் கடினம்.

அதே சமயம் வாயை மூடிக்கொண்டு பின்னால் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. இயன் மெக்காமன் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பனிச்சரிவு விபத்துகளை அலசி, 2004-இல் மனிதர்கள் விழும் பொறிகள் சிலவற்றைப் பட்டியலிட்டார். பழகிய இடம் என்ற தைரியம், பிடித்த திட்டத்தை விட மனமில்லாமை, முதல் தடம் நமதாக வேண்டும் என்ற பரபரப்பு எல்லாம் அதில் உண்டு. இன்னொன்று, குழுவில் விவரமானவர் ஒருவர் இருந்தால் மற்றவர்கள் யோசிப்பதையே நிறுத்திவிடுவது. வழிகாட்டியோடு போகும் பயணத்தில் இது இயல்பாகவே உட்கார்ந்திருக்கும். கால் நடுங்குகிறது, பார்வை தெரியவில்லை, பைண்டிங் சரியாக மாட்டவில்லை, பனி “வும்ப்” என்று கீழே அமுங்கியதைக் கேட்டேன் என்றால் உடனே சொல்லுங்கள். கடைசி ஆளாக வருகிறவருக்குத் தெரிவது முன்னால் போகிறவருக்குத் தெரியாது. “இது எனக்கு அதிகம்” என்று சாய்வின் மேலே நின்று சொன்னால் அவரால் வேறு வழி காட்ட முடியும். பாதியில் நின்று சொன்னால் அவருக்கும் கைகள் கட்டப்பட்டுவிடும்.

காப்பீடு, அவசர எண், ரத்தாகும் நாள்

சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஆஃப் பீஸ்ட் சேர்ந்திருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் வழிகாட்டியோடு போனால்தான் செல்லும், சிலவற்றில் பனியாறு விலக்கு, சிலவற்றில் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் விலக்கு, சிலவற்றில் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு தனி. கையேட்டில் “தேடலும் மீட்பும்” என்ற பகுதியை வரிவரியாகப் படித்து, சந்தேகமிருந்தால் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐரோப்பாவில் அவசர எண் 112. ஸ்விட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டர் சேவைக்கு நேரடியாக 1414. ஹெலிகாப்டர் மேலே வரும்போது இரு கைகளையும் உயர்த்தி நின்றால் உதவி வேண்டும் என்று பொருள், ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகச் சாய்த்து நின்றால் வேண்டாம் என்று பொருள். சும்மா ஆர்வத்தில் இரு கையையும் ஆட்டி வணக்கம் சொல்லிவிடாதீர்கள்.

ரத்து விதியை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். வழிகாட்டி வானிலையால் ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா, அல்லது அபாயம் குறைந்த வேறு இடத்துக்குக் கூட்டிப்போவாரா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கும். அடிக்கடி நடப்பது மூன்றாவது. மேலே புயல் என்றால் கீழே காட்டுக்குள், சாய்வு குறைந்த இடத்தில். அதுவும் முடியாத நாளில் அறையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆல்ப்ஸின் பல மையங்களில் டிரான்ஸீவர் பயிற்சிக் களங்கள் இருக்கின்றன, பனிக்கு அடியில் புதைத்துவைத்த அனுப்பிகளை ஒரு பலகையிலிருந்து இயக்கித் தேடிப் பழகலாம். இல்லாத இடத்தில் ஒருவர் தன் கருவியை அனுப்பும் நிலையில் ஒரு பைக்குள் போட்டு, கண்ணில் படாத இடத்தில் புதைத்துவிட்டால் போதும். நேரம் பார்த்துத் தேடுங்கள், அப்புறம் ஆளை மாற்றிப் புதையுங்கள். அன்று வழிகாட்டியும் வேலையில்லாமல்தான் இருப்பார், கூட வரச் சொல்லுங்கள்.